பழம்பண்ணும் புதுக்கருவியும்



எங்கள் வித்தியாலயத்திற் காலைக் கூட்டம் தேவாரத்தோடு தொடங்குவது வழக்கம். நாளுக்கொரு பதிகமென்று முறை வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன், ஒன்பதாந் தரத்திற் பயிலும் மாணவியொருத்தி, கூட்டம் கலைந்தபின் தேவாரப் புத்தகத்தைக் கையிற் பிடித்தபடி என் அறை வாயிலில் வந்து நின்றாள். “சேர், நேற்றுப் பாடின பதிகத்துக்குக் காந்தாரப் பண் என்று போட்டிருக்கு. இன்றைக்குப் பாடினதுக்குக் கொல்லிப் பண் என்று போட்டிருக்கு. ஆனால் இரண்டும் நவரோசு இராகம்தான் என்று சங்கீத ரீச்சர் சொன்னா. இரண்டும் ஒன்றென்றால் ஏன் இரண்டு பெயர்?” என்று கேட்டாள்.

அதிபர்மார் இத்தகைய வேளையிற் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. “நல்ல கேள்வி, பிறகு சொல்கிறேன்” என்பதே அது. நானும் அதனையே சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினேன். நான் கலைப் பட்டதாரியேயன்றி இசை வல்லுநன் அல்லேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அதனைத் தொடர்ந்து படித்ததும் கேட்டதும் என்னை எங்கெங்கோ கொண்டுசென்றன. அவற்றுட் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மூவர் தேவாரத்தில் வழங்கும் பண்கள் 23 என எண்ணுவது வழக்கு. பதிகங்களைத் தேடிக் கண்ட பின்னர், அவற்றின் பண் தெரியாது மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திகைத்து நின்றனர் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியொருவரைத் திருஎருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவர் வாயிலாகப் பண்ணடைவை வகுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. இக்கதையில் நான் கருதுவது ஒன்றே. ஏடு கிடைத்தபோதும் பண் கிடைக்கவில்லை. பண் ஏட்டில் இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்தது.

அந்தப் பண்களை இன்று ஓதுவார்கள் கருநாடக இராகங்களாகப் பாடுகின்றனர். நட்டபாடை கம்பீரநாட்டையாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், கௌசிகம் பைரவியாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஒலிக்கின்றன. இவற்றிற் குழப்பமில்லை. ஆனால் காந்தாரம், பியந்தைக் காந்தாரம், கொல்லி, கொல்லிக் கௌவாணம் என்னும் நான்கு பண்களும் நவரோசு என்னும் ஒரே இராகத்திற்குள் அடங்கிவிடுகின்றன. தக்கராகமும் தக்கேசியும் காம்போதிக்குள் அடங்குகின்றன. பெயர் நான்கு, ஒலி ஒன்று. முன்னோர் ஒரே பொருளுக்கு நான்கு பெயரிட்டு ஏடு நிரப்பியிருப்பர் என்று நான் நம்பவில்லை. மாணவி கேட்டதும் அதுதான். ஒரு காலத்தில் இந்நான்கையும் வேறுபடுத்திய ஏதோ ஒன்று நம் செவியிலிருந்து நழுவிவிட்டது. நழுவியது எப்போது, எதனால் என்பதே கேள்வி.

குரலோடு கூடிநிற்கும் கருவி மாறுந்தோறும் பாட்டும் மாறுகின்றது என்பதே நான் கண்ட விடையின் ஒரு பகுதி. சம்பந்தர் காலத்திற் பதிகத்தோடு ஒலித்தது யாழ். பின்னர் வந்தது வீணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலின் சேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு இசைஞரிடம் அதனைப் பயின்று நம் இசைக்குக் கொண்டுவந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதன்பின் ஆர்மோனியம் வந்தது. இன்று மின்சாரச் சுருதிப் பெட்டியும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன. பாட்டு அதே பாட்டு என்றுதான் நாம் எண்ணுகிறோம்.

இச்சிக்கல் எமக்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டார் இதனையே தங்கள் இசையில் எழுபது எண்பது ஆண்டுகளாக விவாதித்து வருகின்றனர். அவ்விவாதம் எமக்கு உதவுமாகையால், சற்று அத்திசை நோக்கிச் செல்வோம்.

ஒரு தனிக்கருவியும் பல்லியக் குழுவும் மாறிமாறி உரையாடுவதுபோல் அமைந்த நெடிய இசைக்கோவையை அவர்கள் கொன்சேர்ட்டோ என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தகைய கோவைகள் நூற்றுக்கணக்கில் இயற்றப்பட்டன. மொசார்ட்டும் ஹெய்டனும் நிலைத்தனர். டுசெக், கொஷெலுக், ஹும்மெல் முதலியோரின் ஆக்கங்கள் நூலக அலமாரிகளில் உறங்கின. பெரியதோர் ஆலமரத்தின் நிழலில் நின்ற செடிகளின் கதி அவற்றுக்கு நேர்ந்தது. அண்மைக் காலத்தில் அவற்றை ஒலிப்பதிவு செய்யும் முயற்சி பெருகியுள்ளது. அங்கேதான் விவாதம் எழுகின்றது. இக்காலப் பெரிய பியானோவில் வாசிப்பதா? அல்லது அக்காலத்துச் சிறிய பியானோவைத் தேடி எடுத்து, அல்லது அதன் அச்சாகப் புதிதாகச் செய்து, அதில் வாசிப்பதா?

இரு தரத்தாரும் சும்மா இருக்கவில்லை. ஹைபீரியன் என்னும் இசைத்தட்டு நிறுவனம் 2014 இல் இத்தகைய கோவைகளுக்கென ஒரு வரிசையைத் தொடங்கியபோது, டுசெக்கின் ஆக்கங்களையே முதலில் வெளியிட்டது. ஹவார்ட் ஷெல்லி என்பவர் இக்காலப் பியானோவில், இக்காலப் பல்லியத்தோடு வாசித்தார். நான்கு ஆண்டுகளின் பின், அதே டுசெக் இரு பியானோக்களுக்கென இயற்றிய கோவையை அலெக்சி லூபிமோவும் ஓல்கா பாஷென்கோவும் பழங்காலக் கருவிகளிலே பதிவு செய்து வெளியிட்டனர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. மொசார்ட் வாசித்த வால்ற்றர் பியானோ ஐந்து தானங்கள் மட்டும் கொண்டது, மரச்சட்டம் உடையது, இரண்டு ஆட்கள் தூக்கிச் செல்லத்தக்க பாரம் உடையது. இன்றைய கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. இரும்புச் சட்டத்தோடு ஏறத்தாழ 500 கிலோ எடை உள்ளது. பழையதன் சுத்தியல்கள் தோல் போர்த்தவை. புதியதன் சுத்தியல்கள் தடித்த கம்பளி போர்த்தவை. பழையதில் ஒலி எழுந்த விரைவிலே அடங்கிவிடும். ஆதலால் தாழ்ந்த சுரங்கள் பலவற்றை ஒருங்கே தட்டினாலும் அவை ஒன்றோடொன்று கலங்காமல் தெளிவாய்க் கேட்கும். அதே எழுத்தைப் புதிய கருவியில் வாசித்தால் முழக்கமாகி மண்டிப்போகும். இயற்றியவரின் பிழையோ என்று கேட்போர் எண்ணுவர். பிழை அவருடையதன்று, அவர் எழுதியது வேறொரு கருவிக்கு.

இன்னுமொரு சான்று உண்டு. 1796 இல் ஹெய்டன், வைடிங்கர் என்னும் ஊதுகுழல் வித்துவானுக்காக ஒரு கோவை இயற்றினார். அக்காலத்து ஊதுகுழலில் எல்லாச் சுரங்களும் பிறவா. வைடிங்கர் குழலின் பக்கத்தில் துளைகளிட்டு, அவற்றை மூடித்திறக்கும் சாவிகள் பொருத்திய புதுக்குழல் ஒன்றைக் கையாண்டார். அவருக்குப் பின் சில தசாப்தங்களுக்குள் வேறுவகை அடைப்பான்கள் பொருத்திய குழல் வந்து அதனைத் தள்ளிவிட்டது. கருவி மறைந்தது, அதற்காக எழுந்த கோவையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக யாரும் வாசிப்பாரின்றிக் கிடந்தது. இன்று அது உலகெங்கும் வாசிக்கப்படுகின்றது, பெரும்பாலும் புதுக்குழலில்தான். சாவிக்குழலைத் திரும்பச் செய்து வாசிப்போரும் இருக்கின்றனர். அக்குழலிற் சில சுரங்கள் மங்கலாகவும் சில பளிச்சென்றும் எழும். புதுக்குழலில் எல்லாம் ஒரே பளபளப்பு. எது நல்லது என்பதைக் கேட்பவரே தீர்மானிக்கட்டும். ஆயினும் இரண்டு பதிவும் இருந்தாலன்றித் தீர்மானம் என்பதற்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கேட்டவன் தான் கேட்டதே பாட்டு என்று நம்பிவிடுவான்.

இப்போது எமது கரைக்கு மீள்வோம். மேனாட்டார் நிலையையும் எமது நிலையையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தபொழுது எனக்கு வியப்பாயிருந்தது. அவர்களிடம் இயற்றியவரின் கையெழுத்துத் தாள் இருக்கின்றது. அக்காலத்துக் கருவி நூதனசாலையிற் கண்ணாடிக்குள் இருக்கின்றது. இல்லாதது ஒலி மட்டுமே. டுசெக் வாசித்ததைக் கேட்டவரிடம் கேட்டு, அவரிடம் கேட்டவரிடம் கேட்டு வந்த தொடர்பு அறுந்துவிட்டது. எமக்கோ நேர்மாறு. சம்பந்தர் பாடிய பண்ணைச் சுரப்படுத்தி எழுதிய தாள் இல்லை. அக்காலத்து யாழ் ஒன்றேனும் எந்த நூதனசாலையிலும் இல்லை. ஆனால் ஓதும் வாய் இருக்கின்றது. மெலிந்தும் மாறியும் வந்ததாயினும், தொண்டைக்குத் தொண்டை வந்த தொடர் முற்றாக அறுந்துவிடவில்லை. ஆகையால் அவர்களுக்குரிய மருந்தை அப்படியே வாங்கி நாம் உண்பது பொருந்தாது.

ஆயினும், இழந்த கருவியை மீண்டும் செய்து பார்க்கும் முயற்சி எம்மிடையேயும் எழுந்தது. அதனைச் செய்தவர் எமது கிழக்கு மண்ணின் மைந்தர் என்பது எமக்குப் பெருமை. காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள் முதலில் விஞ்ஞானம் பயின்றவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1920களிலே திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்று நடத்தியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 இல் அமர்ந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும், ஒலியியற் கணக்கையும் ஒருங்கே வைத்து ஆராயும் துணிவு அவருக்கு இருந்தது. தமிழ் மட்டும் கற்றவர் கணக்கிற் தயங்குவார். விஞ்ஞானம் மட்டும் கற்றவர் உரையிற் தயங்குவார். அடிகள் இரண்டிலும் தயங்காதவர். அவருக்கு முன் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917 இல் வெளியிட்டு, சுருதிக் கணக்கைப் பற்றிய பெரிய விவாதத்தை எழுப்பியிருந்தார் என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’, 1947 ஆம் ஆண்டு யூன் 5, 6 ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களை க. பொ. சிவானந்தம் பிள்ளை அங்கே மீட்டினார். பல நூற்றாண்டுகளாக ஊமையாகக் கிடந்த ஒரு பெயர் அன்று ஒலியாயிற்று. ஆறு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்துள், யூலை 19 ஆம் நாள், அடிகள் மறைந்தார். தாம் மீட்டெடுத்த கருவியைப் பலர் பயின்று வாசிக்கும் காலத்தை அவர் காணவில்லை.

யாழ் என்றவுடன் வீணையை நினைத்துவிடுதல் கூடாது. வீணையிலே ஒரே தந்தியை மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்புகிறோம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தருகிறோம். யாழிலோ ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வில்போல் வளைந்த கோடு. அதன் அடியில் தோல் போர்த்த பத்தர். கோட்டிலிருந்து பத்தருக்கு இழுத்துக் கட்டிய நரம்புகள். பொருநராற்றுப்படை இதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை கூறி விரிக்கின்றது. பத்தருக்கு மான் குளம்பின் சுவட்டையும், போர்த்த தோலுக்கு விளக்கின் சுடரையும் அது காட்டுகின்றது. 21 நரம்புடைய பேரியாழும் 7 நரம்புடைய செங்கோட்டி யாழும் இருந்தன என்பர். பர்மிய நாட்டில் ‘சவுங்’ என்னும் வில்யாழ் இன்றும் வாசிக்கப்படுகின்றது. படகு வடிவப் பத்தரும் மான்தோலும் கொண்ட அதனைப் படத்திலேனும் கண்டவர்க்கு நான் சொல்லுவது எளிதில் விளங்கும்.

இனி, இக்கருவி எமக்கு எதனைக் கற்பிக்கின்றது? இங்கே சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்குமாறு நேயர்களை வேண்டுகிறேன்.

பழந்தமிழர் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். ஒரு தானத்தை 22 அலகாகப் பகுத்து, அவற்றை முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு எனப் பங்கிட்டனர். இப்படிக் கட்டிய யாழிற் குரல் நரம்பிலிருந்து தொடங்கி வாசித்தாற் செம்பாலை பிறக்கும். அதனை இன்றைய அரிகாம்போதி என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். நரம்பை முறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம். துத்த நரம்பையே குரலாக வைத்து அதிலிருந்து தொடங்கினாற் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழையிலிருந்து தொடங்கினால் அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளியிலிருந்து கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியிலிருந்து விளரிப்பாலை, தோடி. தாரத்திலிருந்து மேற்செம்பாலை, கல்யாணி. ஒரே கட்டு, கை தொடங்கும் இடம் மாறுகின்றது, உலகமே மாறிவிடுகின்றது. இதனையே பாலைத்திரிபு என்றனர்.

கைக்கிளையிலிருந்து தொடங்கும் செவ்வழிப்பாலையை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அங்கேதான் செய்தி இருக்கின்றது. கைக்கிளையைக் குரலாக வைத்தால், அதற்குரிய இளி, அதாவது பஞ்சமம், நேராக அமையாது. சற்றுக் குறைந்து நிற்கும். இன்றைய இசையிலே தம்புரா, சட்சத்தையும் பஞ்சமத்தையும் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அந்த ஒலிக்கு முன் பஞ்சமம் அமையாத ஒரு பாலை எப்படி நிற்கும்? நிற்கமாட்டாது. எனவே அது வழக்கிலிருந்து விலகிவிட்டது. அதனை விலக்கியவர் எந்தப் பண்டிதருமல்லர், தம்புராவே. தேவாரத்துச் செவ்வழிப் பண் இதனின் வேறானது என்பதைச் சொல்லி மேலே செல்கிறேன். யாழைச் செய்து கட்டிப் பார்த்திராவிட்டால், செவ்வழிப்பாலை ஏட்டில் ஒரு பெயராகவே நின்றிருக்கும். பழைய கருவியைத் திரும்பச் செய்வதன் பயன் இதுவே என்று கருதுகிறேன். பழமையைக் கொண்டாடுவது வேறு. பழையோர் ஏன் அப்படிச் செய்தனர் என்பதை அறிந்துகொள்வது வேறு.

இவ்வளவு சொன்னதால், யாழை மீண்டும் கோயிலிற் கொணர்ந்து தேவாரத்தோடு கூட்டிவிட்டாற் பழம்பண் முழுவதும் திரும்பிவிடும் என நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். சென்னையில் ‘உரு’ என்னும் பெயரால் இசைக்கருவிகள் செய்யும் தருண் சேகர் போன்ற இளைஞர் அண்மை ஆண்டுகளில் யாழ் செய்து, அதற்கு மேடையும் தேடிக்கொடுத்திருக்கின்றனர். வாழ்த்துக்குரிய பணி. ஆனால் எம் மரபே எமக்கு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கின்றது.

காரைக்காலுக்கு அருகிலுள்ள திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் கதை அது. சம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் இட்டு வாசித்து வந்தார். அவர் உறவினர், பதிகத்தின் பெருமை யாழினால் வந்தது என்று பேசினர். அது கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வண்ணமே அவர் பாடினார். பாணர் வாசிக்க முயன்று, இயலாமையால் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கும் அளவு வாசித்தால் அமையும் என்று கூறினார். அப்பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர். அந்தப் பண்ணில் அந்த ஒரு பதிகமே உண்டு. இன்று அதனை அடாணாவிற் பாடுகின்றனர்.

இதனைத் தெய்வ அற்புதமாகவே சிறுவயதில் எனக்குக் கற்பித்தனர். நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்து வந்தேன். இன்று அதில் வேறொன்றும் எனக்குத் தெரிகின்றது. நரம்புக்கு ஒரு சுரம் கொண்ட கருவியில், சுரங்களுக்கு இடையே வழுக்கியும் அசைந்தும் செல்லும் குரலைப் பிடிக்க முடியாது. அக்காலத்தவர்க்கு இது தெரிந்திருந்தது. குரலிற் பிறப்பது எல்லாம் யாழில் வராது என்பதை அறிந்தே அவர்கள் இரண்டையும் சேர்த்து இசைத்தனர். ஆகவே யாழில் இல்லாத அசைவுகள் எல்லாம் பின்வந்தோர் சேர்த்த அழுக்கு என்று கருதி, தேவாரத்தைச் சுரண்டித் தூய்மை செய்யப் புறப்படுவோர், யாழ்முரிப் பதிகத்தின் முன் சற்று நின்று யோசிக்கவேண்டும். யாழ் சாட்சி சொல்லலாம்; தீர்ப்புக் கூறலாகாது.

ஆர்மோனியத்தின் கதையோ வேறு. யாழ் குரலைப் பின்பற்ற இயலாது ஒதுங்கி நின்ற கருவி. ஆர்மோனியம் குரலைத் தன் பின்னே இழுத்துச் செல்லும் கருவி. அதன் கட்டைகள் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டப்பட்டவை. இடையில் எதற்கும் இடமில்லை. இக்காரணத்தால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனைத் தன் நிலையங்களில் ஒலிக்கவிடாது தடுத்திருந்தது. இரவீந்திரநாத தாகூரும் அத்தடையை ஆதரித்தவர். தடை நீடித்த காலமெல்லாம் ஊர்தோறும் பசனை மடங்களில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. எளிதிற் கிடைப்பது, எளிதிற் பயில்வது, மழைக்கும் வெயிலுக்கும் சுருதி கலையாதது. இவற்றை விட ஏழைப் பாடசாலைக்கு வேறென்ன வேண்டும்? எங்களிடமும் ஒன்று உண்டு. அதனைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை.

ஏனெனில், 2006 ஆம் ஆண்டு சம்பூர் மக்கள் யாவரும் ஊரை விட்டுப் புறப்பட்டபோது கையில் எடுக்க முடிந்தவை சிலவே. ஆர்மோனியமும் மிருதங்கமும் அவற்றுள் இல்லை. கிளிவெட்டி, கட்டைபறிச்சான், பட்டித்திடல் முகாம்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அங்கே பிறந்து அங்கேயே பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள், 2015 முதல் ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தது பாட்டை மட்டுமே. தகரக் கூரையின் கீழ், கருவி எதுவுமின்றி, மூத்தோர் பாட இளையோர் கேட்டுப் படித்த பாட்டு அது. ஊர் மீண்டபின் அன்பர் ஒருவர் மனமுவந்து அளித்ததே எங்கள் இப்போதைய ஆர்மோனியம்.

அந்த மூத்தோருள் ஒருவர் எண்பது வயதைக் கடந்தவர். தோட்டம் செய்து வாழ்ந்தவர். எந்த இசைப் பள்ளியிலும் பயின்றவரல்லர். தகப்பனாரிடம் கேட்டுப் பாடம் பண்ணியவர். சம்பந்தர் திருக்கோணமலைக்குப் பாடிய பதிகத்தை அவர் பாடக் கேட்பது எங்களுக்கு விருப்பம். கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நாங்கள் இருக்கிறோம், அக்கரையில் மலை. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1624 இல் இடித்தனர். கல் கடலில் வீழ்ந்தது, பதிகம் வீழவில்லை. அதன் பண் புறநீர்மை. இன்று பூபாளத்திற் பாடுவர்.

மாணவியின் கேள்விக்கு மறுமொழி தேடும் முயற்சியில், அம்முதியவரைப் பாடசாலைக்கு அழைத்து, அப்பதிகத்தை ஆர்மோனியத்தோடு பாடச்செய்து கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தோம். நன்றாகவே பாடினார். ஆனால் பாடி முடித்ததும், “பெட்டி என்னைப் பிடிச்சு இழுக்குது, தம்பி” என்றார். சங்கீத ஆசிரியை அதனை வெறுஞ் சாட்டாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அப்பேச்சு உறைத்தது. மறுபடி தனிக்குரலாகப் பதிவு செய்ய எண்ணி, இரண்டொரு நாளில் மாலை வேளையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். முதியவர் மறுத்துவிட்டார். புறநீர்மை பகற்பண், அதுவும் விடியலுக்கு உரியது, பாடசாலையில் ஒன்பது மணிக்குப் பாடியதே முறையன்று, பிள்ளைகள் முகத்துக்காகப் பாடினேன், இருட்டிய பின் பாடமாட்டேன் என்றார். பண்களுக்குப் பகல், இரவு என்று காலம் வகுத்திருப்பதை நான் புத்தகத்திற் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு விடையாக எழுதியுமிருக்கிறேன். அதனை ஒருவர் கைக்கொண்டு எனக்கு வாயிற்கதவைச் சாத்துவார் என எண்ணியதில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு ஆசிரியையும் நானும் அந்த மாணவியும் அவள் தகப்பனாரும் சென்றோம். சுருதிப் பெட்டியும் வேண்டாமென்றார். திண்ணையிலிருந்து வடக்கே முகம் வைத்துப் பாடினார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபொழுது ஆசிரியை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தனிக்குரலில் அவருடைய ரிஷபம் நன்றாகத் தாழ்ந்து, சட்சத்தோடு உரசி நிற்கின்றது. ஆர்மோனியத்தோடு பாடிய பதிவில் அதே ரிஷபம் சற்று ஏறி, கட்டையில் வந்து அமர்ந்துவிட்டது. அவர் அறியாமலே அது நேர்ந்திருக்கின்றது. எண்பது ஆண்டுப் பழக்கத்தை அரை மணி நேரத்திலே ஒரு பெட்டி அசைத்துவிட்டதென்றால், நூறு ஆண்டுகளாக அதன் அருகே அமர்ந்து பாடிய ஊர்களில் காந்தாரத்துக்கும் கொல்லிக்கும் இடையிலிருந்த நுட்பம் என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது காலைக் கூட்டத்தில் வாரத்தில் ஒரு நாள் ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடுகிறோம். அன்று பிள்ளைகள் சுருதி விலகிப் பாடுகிறார்கள் என்று ஆசிரியர் சிலர் குறைப்படுகின்றனர், விலகத்தான் விலகுகின்றது. முதியவரிடம் மேலும் ஐந்து பதிகங்களை அவ்வவற்றுக்குரிய வேளையிற் சென்று பதிவு செய்திருக்கிறோம். இராப்பண் ஒன்றுக்காக இரவு ஒன்பது மணி வரை காத்திருந்தோம். கொல்லிப் பண் அவருக்குப் பாடமில்லை, காந்தாரம் உண்டு. கொல்லி தெரிந்த ஒருவர் மூதூர்ப் பக்கத்தில் இருக்கிறார் என்று அவரே சொன்னார். மாணவி தன் கொப்பியில் 23 பண்களையும் வரிசையாக எழுதி, எதிரே இராகப் பெயர்களை இட்டிருக்கிறாள். நவரோசு என்று நான்கு இடங்களில் எழுதி, நான்கின் பக்கத்திலும் கேள்விக்குறி வைத்திருக்கிறாள். வருகின்ற விடுமுறையில் மூதூருக்குப் போவதாக இருக்கிறோம்.